பதினொரு நிறுத்தம், ஒரே படம்

வெலிச்கா அத்தையை எங்கள் ஊரில் பலருக்கும் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும். நகராட்சித் தோட்டப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். கடைத்தெருவில் போகிறவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு லிப்பா மரத்தின் முன்னால் நிற்கும் பச்சை மேலங்கியையும், மேலும் கீழும் அசையும் முழங்கையையும்தான். அந்தக் கையில் ஒரு சுரண்டி இருக்கும்.

அவர் சுரண்டியது செத்தவர்களின் முகங்களை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு துக்கத்தாள் அச்சடிப்பார்கள். படம், பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. அது வீட்டுக் கதவில் ஏறும், பஸ் நிறுத்தத்தில் ஏறும், மரத்தில் ஏறும். நாற்பதாம் நாளுக்கு இன்னொரு தாள். ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று, பிறகு வருடாவருடம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிவிட்ட ஊர் இது. சாவுக்கு மட்டும் குறைவில்லை. கடைத்தெருவில் அறுபத்துநான்கு லிப்பா மரங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து முகம், குண்டூசியிலும் ஆணியிலும் பசையிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மரங்களில் நாற்பதை நட்டவர் வெலிச்கா அத்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒவ்வொன்றும் அவர் தோள் உயரம். பிடுங்கிய குண்டூசிகளை ஊறுகாய்ப் போத்தலில் போட்டு வைப்பார். சமையலறை ஜன்னலோரம் அப்படி ஏழு போத்தல்கள் இருந்தன. ஒருமுறை தபால் நிலையத்துக்கு எதிரில் இருந்த மரம் பட்டுப்போய், அதை அறுத்தார்கள். பாதியில் ரம்பத்தின் பல் உடைந்தது. உள்ளே, வளையத்துக்கு வளையம், துருப்பிடித்த ஆணித் தலைகள். அன்று அத்தை வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஒரே கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அத்தையும் அவர் புருஷன் இல்ச்சோ மாமாவும் மூன்றாம் மாடி. அவர்கள் சண்டை தண்ணீர்க் குழாய் வழியாக எங்கள் சமையலறைக்கு இறங்கி வரும். சண்டை என்றால் ஒரே சண்டைதான். இல்ச்சோ மாமா பஸ் ஓட்டுநர். மலை மேலே பதினொரு நிறுத்தம் போகும் பஸ். யாராவது இறந்தால் அந்த வீட்டார் ஒரு கட்டுத் தாளை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவருடைய இருக்கைக்கு அடியில் ஒரு பசைச் சட்டி இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, தகரச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டு ஏறுவார். ஏறும்போது பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு யார், என்ன வயது, என்ன நோய் என்று சொல்லிவிடுவார். மேலே கிழவர்களும் கிழவிகளும்தான் மிச்சம். அவர்களுக்குச் செய்தி என்றால் அந்தத் தகரச் சுவர்தான்.

"நான் ஒட்டறேன், நீ கிழிக்கற. நம்ம ரெண்டு பேர் வேலையும் போகவே போகாது, வெலி" என்பார் மாமா.

"உன் ஸ்டாப்புல எதை வேணா ஒட்டிக்கோ. என் மரத்துல கை வெச்சேன்னு வை, அந்தக் கையில ஆணி அடிப்பேன்."

"மரம் என்ன உன் பேர்லயா எழுதியிருக்கு?"

"ஆமா, எழுதியிருக்கு. நட்டவ பேருதான்."

"சரி, நான் செத்தா எங்க ஒட்டுவ?"

"உன் நெத்தியில ஒட்டறேன். போய்க் கை கழுவு, சாப்பாடு ஆறுது."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அத்தை ஓய்வு பெற்ற கோடையில் என்னிடம் போனைக் கொண்டுவந்து நீட்டினார். தான் எடுத்த பூப்படங்கள்மேல் எழுத்து போடவேண்டுமாம். நான் தலைநகர் சோபியாவில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு போனிலுள்ள ஊர்க் குழுவில் ஒரு படம் வரும். எங்களுக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புனிதரின் நாள் உண்டு, பெயர்நாள் என்போம். அன்றைக்கு யாருக்குப் பெயர்நாளோ, அந்தப் பெயர், சுற்றிலும் பூ. கீழே சின்னதாக: "காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் வேண்டாம், மரம் மூச்சுவிடட்டும்."

ஊர் எடுத்துக்கொண்டது. வாழ்த்து அட்டை வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்து அத்தை துக்கப் படங்களும் செய்ய ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் இறந்தவரின் படத்தை அனுப்பலாம். அன்று சாயங்காலத்துக்குள் செய்து தருவார். கறுப்புக் கட்டம் போடமாட்டார், பூக்கள்தான். "செத்தவங்களும் ஒரு காலத்துல சிரிச்சவங்கதானே" என்பார். அச்சுக்கடை சப்ரியான் மட்டும் தெருவில் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான்.

"என்ன வெலிச்கா அக்கா, என் வயித்துல அடிச்சாச்சா இன்னிக்கு?"

"வயித்துலதான் அடிக்கறேன். நீ மரத்து நெஞ்சுல அடிச்சியே."

"என் தாளு மழையில நனைஞ்சா போயிடும் அக்கா. உங்க படம் எங்க போகும்?"

"எங்க போகணும்? குப்பை இல்ல, குண்டூசி இல்ல. இருந்துட்டுப் போகட்டுமே."

பிறகு அத்தை மனு எழுதினார். முந்நூறு பேர் கையெழுத்து. மரத்தில் தாள் ஒட்டக்கூடாது என்று நகராட்சி தீர்மானம் போட்டது. போடுகிறபோதே பஸ் நிறுத்தம், விளக்குக் கம்பம், கட்டட வாசல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது, அவர்களுக்கும் வேலை குறையுமே. நகராட்சி வாசலில் ஒரு கண்ணாடிப் பலகை வைத்தார்கள். அதன் சாவி எப்போதும் விடுப்பில் இருக்கும் ஓர் ஊழியரிடம். நகரத் தலைவர் அத்தைக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கினார். அத்தை அதைச் சட்டம் போட்டு நடையில் மாட்டினார். தன் சுரண்டியைப் புதிதாக வந்த தோட்டக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

"நான் மரத்தைத்தானே கேட்டேன், ஸ்டாப்பையும் சேர்த்துட்டாங்க" என்று மாமாவிடம் சொன்னது குழாயில் கேட்டது.

மறுநாள் நான் ஏதோ வாங்க மேலே போனபோது அந்த நற்சான்றிதழ்ச் சட்டத்தின் மூலையில் மாமாவின் தொப்பி தொங்கியது. ஆணி என்று நினைத்து மாட்டினாராம்.

அடுத்த வருடம் மாமா ஓய்வு பெற்றார். மலைப் பஸ் திங்கள், புதன், வெள்ளி மட்டும் என்றானது. அதற்கடுத்த வருடம் அவருக்கு நுரையீரல் கெட்டது. மாவட்ட மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டில். அங்கே நடந்ததைப் பின்னால் அத்தையே எனக்குச் சொன்னார்.

"வெலி, ஒண்ணு கேப்பேன். கத்தக்கூடாது."

"கேளு."

"பதினோரு ஸ்டாப்புலயும் ஒட்டிடு. மரத்துல வேண்டாம். தகரத்துல."

"என்ன பேச்சு இது? நீ வீட்டுக்கு வரப்போற."

"அவங்ககிட்ட போனு கிடையாது. முப்பத்தொரு வருஷம் நிறுத்தியிருக்கேன் அங்க. சொல்லாமப் போனா நல்லாருக்காது. ஒட்டறியா?"

"சரி."

"நிஜமா?"

"சரின்னு சொன்னேன்ல."

ஜூலை பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மாமா இறந்தார். அடக்கம் வியாழன் ஒரு மணிக்கு. அத்தை வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். சப்ரியானின் கடை ஏழு மணிவரை திறந்திருக்கும், நடந்தால் ஐந்து நிமிடம். ஆறரைக்கு எழுந்து செருப்பு மாட்டினார். நடையில் அந்த நற்சான்றிதழ் மாட்டியிருந்தது. ஊரெல்லாம் கிழிக்கச் சொன்னவள் தன் புருஷனுக்கு மட்டும் ஒட்டுகிறாள் என்று சப்ரியான் சொல்லமாட்டான், ஆனால் நினைப்பான். அவன் நினைக்காவிட்டாலும் அந்த முந்நூறு பேர் நினைப்பார்கள். அத்தை செருப்பைக் கழற்றினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் படம் போடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தான் செய்ததிலேயே அழகான படத்தைச் செய்தார். பஸ் ஜன்னலில் முழங்கையை வைத்துச் சிரிக்கிறார் மாமா. சுற்றிலும் ஜூன் மாதத்தில் எடுத்த லிப்பாப் பூக்கள். மேலே பெரிய எழுத்தில் 'இலியா'. ஊருக்கு இல்ச்சோ, ஏட்டில் இலியா. மற்றதெல்லாம், இறந்த நாள், கோயில், நேரம் எல்லாம், பூக்களுக்குக் கீழே சின்ன எழுத்தில். கறுப்பு எங்கேயும் இல்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வழக்கமான நேரத்தில், குழுவில் போட்டார்.

அன்று ஜூலை இருபது. இலின்டென். புனித இலியாவின் நாள், நாட்டிலுள்ள இலியா, இலியானா எல்லோருக்கும் பெயர்நாள்.

அத்தைக்கு அது தெரியாமல் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த நாளில் அவர் வீட்டில் ஆட்டுக்கறி வெந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் மனதில் அது புருஷன் செத்த மறுநாள் மட்டும்தான்.

முதல் பதில் ஏழு நான்குக்கு வந்தது: "உயிரோடும் சுகத்தோடும் இருக்கணும் இல்ச்சோ!" யாரோ பைத்தியம் என்று அத்தை நினைத்தார். அடுத்தது: "பல்லாண்டு! ஆட்டுக்கறி வெந்தாச்சா?" அடுத்தது: "அக்கா, இந்த வருஷப் படம்தான் டாப். நம்ம டிரைவரையே போட்டுட்டீங்க!"

போனில் படம் முழுதாகத் தெரியாது. தொட்டுத் திறந்தால்தான் கீழ்ப்பகுதி வரும். ஏழு மணிக்கு வெலிச்கா அக்காவின் படம் வரும், அதில் ஒரு பெயரும் பூவும் இருக்கும் என்று மூன்று வருடமாகப் பழகியவர்கள் ஏன் திறக்கவேண்டும்? எட்டு மணிக்குள் நூறு இதயம். எடுத்து எடுத்துத் தங்கள் தங்கள் இலியாக்களுக்கு அனுப்பினார்கள். யாரோ கொஞ்சம் சுத்தமாக இருக்கட்டும் என்று கீழே இருந்த சின்ன எழுத்துகளை வெட்டிவிட்டு, 'பல்லாண்டு!' என்று சேர்த்து அனுப்பினார்கள். ஒன்பது மணிக்கு அது சுற்றி வந்து, முன்பு கூட வேலை பார்த்த தோழி ஒருத்தியிடமிருந்து அத்தையின் போனிலேயே விழுந்தது: "உங்க வீட்டுக்காரருக்கு என் வாழ்த்து!"

அத்தை ஒரு பதிலும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

நான் அன்று சோபியாவில் டிராமில் இருந்தேன். படத்தைப் பார்த்தேன். இதயம் போட்டேன். "மாமா, நூறு வயசு இருங்க" என்று எழுதினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேலைக்குப் போனேன். மத்தியானம் அம்மா அழைத்தாள்.

பதினொரு மணிக்கு அத்தை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வருவார்கள். வாசலில் ரங்கேல் நின்றிருந்தார். ஆறாவது நிறுத்தத்துக்காரர், ஆடு வைத்திருப்பவர், போன் இல்லாதவர். ஒவ்வொரு இலின்டெனுக்கும் வருகிறவர். சலவைச் சட்டை, ஒரு போத்தல் ராக்கியாச் சாராயம், செய்தித்தாளில் சுற்றிய ஐந்து டாலியா. உயிரோடிருப்பவருக்குப் பூ ஒற்றைப்படையில்தான் கொண்டுவருவோம். இரட்டைப்படை, செத்தவருக்கு.

"எங்க நம்ம பெயர்நாள்காரன்? இன்னும் தூக்கமா?" ரங்கேலின் குரல் மாடிப்படியெல்லாம் கேட்டதாக அம்மா சொன்னாள். "டேய் இல்ச்சோ! எழுந்து வாடா, ராக்கியா சூடாகுது! உன் பஸ்ஸை எவனோ ஒரு பொடியன் ஓட்டறான், ரெண்டு தடவை என்னை வாந்தியெடுக்க வெச்சுட்டான்!"

"உள்ள வாங்க ரங்கேல்."

"என்ன வெலிச்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மறுபடி சண்டையா? கறி வாசனையே காணோம்."

"உக்காருங்க."

"அவன் வரட்டும், உக்காந்துக்கறேன்."

"அவர் வரமாட்டார், ரங்கேல். நேத்து மத்தியானம்."

ரங்கேல் நின்றபடியே இருந்தார்.

"ஸ்டாப்புல ஒண்ணுமே இல்லியே."

"இல்ல."

"நான் இன்னிக்கு அங்கதான் நின்னேன். அரை மணி நேரம். சுவத்தைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

"நான் ஒட்டல."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் அத்தை. செய்தித்தாளைப் பிரித்து, ஐந்து டாலியாவில் ஒன்றை உருவி, அதைத் தன் சட்டைப்பைக்குள் கசக்கித் திணித்துக்கொண்டார். நான்கை மேசையில் வைத்தார். போத்தலைத் திறந்து தரையில் கொஞ்சம் ஊற்றினார். "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார், செத்தவர்களுக்குச் சொல்வதை.

"அடக்கம் எத்தனை மணிக்கு?"

"நாளைக்கு ஒரு மணி."

"நாளைக்கு வியாழன். பஸ் கிடையாதே" என்றார் ரங்கேல்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழுவில் வாழ்த்துகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. அத்தை போனை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருநூற்றுப் பதினெட்டு இதயம், இருநூறு, நூற்றறுபது, எழுபது. ஒருவரும் மன்னிப்பு என்று எழுதவில்லை, இரங்கல் என்றும் எழுதவில்லை. எழுதினால் காலையில் எழுதியது தானும்தான் என்று தெரிந்துவிடுமே. நானும் என்னுடையதை அழித்தேன்.

வியாழக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, எண்பது பேருக்கு என்று, வழக்கப்படி கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி எடுத்துப்போனார் அத்தை. முப்பத்தொரு வருடம் இந்த ஊரை ஏற்றி இறக்கிய மனிதனுக்கு எண்பது அதிகமில்லை. கோயிலில் ஒன்பது பேர் இருந்தோம். அதில் மூன்று பேர் ரங்கேலும், ஐந்தாவது நிறுத்தத்து இரண்டு கிழவிகளும். விடியற்காலையில் கிளம்பிப் பதினாறு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்கள். ஒரு கிழவியின் காலுறையில் ரத்தம். ஊர்க்காரர்கள் வெட்கத்தால் வரவில்லை. கடைத்தெருவில் சவ வண்டி போனபோது சிலர் லிப்பா மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். சப்ரியான் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றான். மீதிக் கோதுமை வெயிலில் புளித்துப்போனது. அதை அத்தை கல்லறைத் தோட்டத்துப் புறாக்களுக்குக் கொட்டினார்.

நாற்பதாம் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சப்ரியானின் கடைக்குப் போனார்.

"பதினொண்ணு போடு."

"கட்டம்?"

"கறுப்பு."

"தடிமனாவா, மெலிசாவா?"

"தடிமனா. தூரத்துலேர்ந்து தெரியணும்."

சப்ரியான் வம்புக்கு ஒரு வார்த்தைகூட இழுக்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை என்றார் அத்தை. பழையபடி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கோதுமை மாவில் பசை காய்ச்சி, மாமாவின் சட்டியிலேயே ஊற்றி, வெள்ளிக்கிழமைப் பஸ்ஸில் ஏறினார். புது ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹாரன் அடித்தான். "எம்மா, நான் டைமுக்குப் போகணும். இதெல்லாம் ஒட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ப்பா. நான்தான் போட வெச்சேன்."

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கிழவி தாளைப் படித்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்துப்போனானா? நான் ரெண்டு மாசமா அவனைத் திட்டிக்கிட்டிருந்தேனே. வேலை போனதும் எங்களை மறந்துட்டான், ஒரு தடவை எட்டிப் பார்க்கறானா பாருன்னு. என்னத்துக்கும்மா சொல்லல?"

பதினொன்றையும் ஒட்டினார். திங்கட்கிழமை தோட்டப் பிரிவின் புதுப் பையன் போய்ப் பதினொன்றையும் சுரண்டி எடுத்தான், அத்தை கொடுத்த அதே சுரண்டியால். சுரண்டும் முன் ஒரு படம், சுரண்டிய பின் ஒரு படம். நகராட்சி இரண்டையும் குழுவில் போட்டது: "சுத்தமான நிறுத்தம், பசுமையான ஊர். இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்த எங்கள் வெலிச்காவுக்கு நன்றி." சுரண்டும் முன் எடுத்த படத்தில் மாமாவின் முகம் தெரியாதபடி மறைத்திருந்தார்கள். அதற்கு நூற்றுநாற்பது இதயம்.

அத்தை குழுவை விட்டு விலகினார். படம் செய்வதில்லை. போன் மட்டும் வைத்திருக்கிறார்.

இந்த வருடம் இலின்டெனுக்கு நான் ஊரில் இருந்தேன். காலையில் மேலே போய்க் கதவைத் தட்டினேன். அடுப்பில் மாவு கொதித்துக்கொண்டிருந்தது. மேசைமேல் கறுப்புக் கட்டம் போட்ட பதினொரு தாள், 'ஒரு வருடம்' என்று. போன் மினுங்கியது. அத்தை பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார். பெயர் இல்லாத ஏதோ ஓர் எண். பஸ் ஜன்னலில் முழங்கையை வைத்துச் சிரிக்கிறார் மாமா, சுற்றிலும் லிப்பாப் பூ. 'இலியா. பல்லாண்டு!'

"இது இன்னிக்கு மூணாவது" என்றார். "ஒண்ணு தூரத்துல, வர்னாவுலேர்ந்து வந்தது. அங்க எனக்கு யாரையும் தெரியாது."

"அழிச்சுடலாம் அத்தை."

"என் போன்ல அழிக்கலாம்."

அத்தை அடுப்பை அணைத்தார். பசையைச் சட்டியில் ஊற்றி மூடினார். சட்டி சூடாக இருந்ததால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். புதிய சுரண்டி ஒன்றையும் பையில் போட்டார். போன தடவை ஒட்டியதன் ஓரங்கள் தகரத்தில் இன்னும் இருக்குமாம், அதை எடுத்துவிட்டுத்தான் ஒட்டவேண்டுமாம். அன்று வியாழக்கிழமை. பஸ் கிடையாது.

"எப்படிப் போவீங்க?"

"அடக்கத்துக்கு அவங்க எப்படி வந்தாங்க?" என்றார். தாள்களை எண்ணிப் பார்த்து, மாமாவின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.